35 வாரத்தில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது

"சமத்துக் குழந்தை சிஸ்டர், அழவே மாட்டேங்குது, நல்லாத் தூங்குது." நான் வேலை பார்க்கும் பிரசவ வார்டில் யாராவது இப்படிச் சொன்னால், கேஸ் ஷீட்டில் எத்தனை வாரம் என்று எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். 35, 36 என்று இருந்தால் கடைசியாக எப்போது பால் குடித்தது என்று கேட்பேன். "நாலஞ்சு மணி நேரம் இருக்கும், தூங்குற குழந்தையை எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டோம்" என்பார்கள். உடனே குழந்தையை எழுப்பும் வேலையில் இறங்கிவிடுவேன்.

கொஞ்சம் முன்கூட்டிப் பிறந்த குழந்தை, பசித்தால் அழும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதி நெருங்கும் வரைக்கும் கடிகாரத்தையும் குழந்தையின் தாடையையும் டயபரையும் பார்த்துத்தான் பால் கொடுக்க வேண்டும். தாய்மார்களின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்த வரிசையில் சொல்லிக் கொடுப்பேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

பார்க்க முழுமாதக் குழந்தை மாதிரிதான் இருக்கும்

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். அதிலும் 34 வாரம் முடிந்து 36 வாரம் 6 நாளுக்குள் பிறக்கும் குழந்தைகள்தான் எங்களை அதிகம் ஏமாற்றுபவர்கள். இரண்டே கால், இரண்டரை கிலோ இருப்பார்கள், தானாக மூச்சு விடுவார்கள், பலருக்கு என்ஐசியூவே (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) தேவைப்படாது. அம்மாவின் பக்கத்திலேயே படுத்திருப்பதால் எல்லோரும் முழுமாதக் குழந்தையைப் போலவே நடத்துகிறார்கள். ஆனால் 34 வாரத்தில் குழந்தையின் மூளை, 40 வாரத்தில் இருக்க வேண்டிய எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு, அதனால் சீக்கிரம் உடம்பு குளிர்ந்துவிடும். கல்லீரல் இன்னும் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் மஞ்சள் காமாலை அதிகம் வரும், தாமதமாக உச்சத்துக்குப் போகும், நீண்ட நாள் நிற்கும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பழக்கம் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூட ஆரம்பிக்கிறது. செய்யத் தெரிந்தாலும், வயிறு நிறையும் வரை செய்யத் தெம்பு இருக்காது.

தெம்பில்லாமல் குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், தூக்கம் கூடும். தூக்கம் கூடினால் இன்னும் குறைவாகக் குடிக்கும். மலம் சரியாகப் போகாததால், வெளியேற வேண்டிய மஞ்சள் நிறமி குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே போகும், காமாலை ஏறும். காமாலை ஏறினால் மேலும் தூக்கம். அதே நேரத்தில் அம்மாவின் மார்பில் பால் காலியாகாமல் தேங்குவதால் சுரப்பும் மெல்லக் குறையும். வீட்டுக்குப் போன சில நாட்களில் எடை குறைந்து, மஞ்சளாகித் திரும்பி வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களின் கதை இதுதான். 37, 38 வாரக் குழந்தைகளிலும் சிலர் இப்படி இருப்பதுண்டு.

முழுமாதக் குழந்தை தன் வாயாலேயே இரண்டு வேலைகளைச் செய்துவிடும்: தன் வயிற்றை நிரப்பும், அம்மாவுக்குப் பால் சுரக்கவும் வைக்கும். இந்தக் குழந்தையால் அது இப்போதைக்கு முடியாது. ஆகவே வயிற்றை நிரப்புவது ஒரு வேலை, பால் சுரப்பைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை என்று பிரித்து, இரண்டையும் நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மார்பில் உறிஞ்சப் பழகுவது கூடவே நடக்கட்டும். அதற்குத் தேர்வு வைத்து அவசரப்படுத்த வேண்டாம்.

முதல் நாள்

பிறந்தவுடன் துடைத்துவிட்டு, டயபரும் தொப்பியும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்பில் குழந்தையைப் படுக்க வைத்து, இருவருக்கும் மேலே ஒரு போர்வை. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதாமல் இருந்தபோது, 1978-ல் டாக்டர் எட்கர் ரே குறைமாதக் குழந்தைகளை இப்படித் தாயின் உடம்புச் சூட்டிலேயே வைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். குளிரில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே குழந்தையின் சக்தி செலவாகிவிட்டால், உறிஞ்சுவதற்கு மிஞ்சாது. குழந்தையின் வெப்பநிலை 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள்.

மார்பில் வைக்கும்போது அம்மா மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும், மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரியட்டும், கழுத்து மடங்கக் கூடாது. அம்மாவுக்குத் தூக்கம் சொக்கினால், விழித்திருக்கும் வேறு ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும். அப்பாவின் மார்பும் அதே சூட்டைத் தரும்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் வைத்துப் பாருங்கள். சில குழந்தைகள் நக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும், பரவாயில்லை. ஆனால் அதற்காகச் சீம்பாலை விட்டுவிடக் கூடாது. குழந்தை சரியாக உறிஞ்சவில்லை என்றால், அந்த முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே கையால் பீய்ச்சி எடுக்க ஆரம்பியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஆரம்ப நாட்களில் எவ்வளவு அடிக்கடி பாலை வெளியே எடுக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் பிறகு எவ்வளவு சுரக்கும் என்பது அமையும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மார்பை மெதுவாக வருடிவிடுங்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் விரல்களை நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விட்டுவிடுங்கள். மறுபடி அழுத்தி, அமுக்கி, விடுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் வராமல் இருக்கலாம், நிறுத்திவிடாதீர்கள். ஒரு இடத்தில் சொட்டுவது நின்றால் விரல்களைச் சுற்றி நகர்த்துங்கள், பிறகு அடுத்த மார்பு, மறுபடி முதல் மார்பு. சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதை நேராகச் சுத்தமான ஸ்பூனிலோ ஊசியில்லாத சிறிய சிரிஞ்சிலோ பிடித்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் சேர்த்து, 24 மணி நேரத்தில் எட்டு முறை.

பால் எடுக்கும் பம்ப் இருந்தால் அதையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஆனால் சீம்பால் கெட்டியாக இருப்பதால் பம்பின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு நாட்களுக்குப் பல பேருக்குக் கைதான் அதிகம் தருகிறது. பாட்டிலில் ஒன்றுமே இல்லையே என்று அழுத தாய், கையால் எடுத்து ஒரு ஸ்பூன் நிறையப் பார்த்ததும் முகம் மலர்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

பால் நன்றாக இறங்குவது வழக்கமாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். சிசேரியன் ஆனவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், முன்கூட்டிப் பிரசவித்தவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். தாமதம் என்பதற்குப் பால் இல்லை என்று அர்த்தம் இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் பீய்ச்சுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பிடித்துக்கொள்வது

மடியில் வழக்கம்போலக் கிடத்திக்கொள்ளும் முறை இந்தக் குழந்தைகளுக்கு ஒத்துவராது. தலை கனம், கழுத்தில் பலமில்லை, தலை முழங்கை மடிப்பில் புதைந்து தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். இரண்டு முறைகள் நன்றாக உதவுகின்றன. வலது மார்பில் கொடுக்கும்போது இடது கையால் குழந்தையைத் தாங்குவது ஒன்று: உள்ளங்கை குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவில், விரல்கள் காதுக்குக் கீழே கழுத்தடியில். மற்றது, தலையணை வைத்து, குழந்தையின் உடம்பை அம்மாவின் கைக்கு அடியில் இடுப்போரமாக இடுக்கிக்கொள்வது. சிசேரியன் தையலில் குழந்தையின் கால் படாது என்பதால் இது இன்னும் வசதி. எந்த முறையானாலும் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும், குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். தலையின் பின்புறத்தை மார்பை நோக்கித் தள்ளாதீர்கள், தள்ளினால் குழந்தை எதிர்த்துப் பின்னால் வளையும்.

வாயை நன்றாகத் திறந்ததும், காம்பு மேலண்ணத்தைப் பார்த்திருக்க, தாடை முதலில் மார்பில் படும்படி சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பிறகு தாடை தொங்கி வாய் நழுவிக்கொண்டே இருந்தால், மார்பைத் தாங்கும் கையை முன்னால் நகர்த்துங்கள். மூன்று விரல்கள் மார்பைத் தாங்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிறைபோல வளைந்து குழந்தையின் இரண்டு கன்னங்களையும் லேசாகத் தொடட்டும், தாடை அந்த வளைவில் உட்காரட்டும். வாய்க்கு ஒரு முட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதை மட்டும் சொல்லிக்கொடுத்தே, அரை நிமிடத்தில் களைத்துவிடும் குழந்தை பத்து நிமிடம் குடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

காம்பின் மேல் போடும் மெல்லிய சிலிக்கான் உறை சில குழந்தைகளுக்குப் பிடிப்பு கிடைக்க உதவும். பால் இறங்கிய பிறகு, தெரிந்த ஒருவர் அளவு பார்த்துக் கொடுத்தால் பயன்படுத்துங்கள், பீய்ச்சுவதையும் எடை பார்ப்பதையும் விடாமல்.

குடிக்கிறதா, சப்பிக்கொண்டு தூங்குகிறதா?

"அரை மணி நேரமா குடிச்சிட்டுதான் இருக்கு" என்பது எனக்கு ஒரு தகவலே இல்லை. தாடையைப் பாருங்கள். குடிக்கும்போது தாடை கீழே இறங்கி, ஒரு கணம் நின்று, பிறகு மேலே வரும். அந்த நிற்கும் கணத்தில்தான் வாய் நிறைகிறது. மெல்லிய "க்" என்ற விழுங்கும் சத்தம் கேட்கும். காதுக்கு முன்னால் லேசான அசைவு தெரியும். குடித்து முடித்ததும் மார்பு இளகியிருக்கும். இதெல்லாம் இல்லாமல் உதடு மட்டும் படபடவென்று துடித்தால் அது குடிப்பது இல்லை. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குவது இந்தக் குழந்தைகளுக்கு இயல்பு, அப்போது தட்டி எழுப்ப வேண்டாம். நிறுத்தியது நிறுத்தியபடியே போனால், மார்பைக் கையால் இதமாக அமுக்கிப் பால் வாய்க்குள் போகும்படி செய்யுங்கள். விழுங்க ஆரம்பித்ததும் அமுக்கியபடியே இருங்கள், நின்றதும் விடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மார்பை மாற்றுங்கள்.

ஒரு தடவை பால் கொடுக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து அடுத்த தடவை ஆரம்பிக்கும் நேரம் வரை மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. எழுப்புவதற்குத் துணியை விலக்குங்கள், டயபரை மாற்றுங்கள், முதுகையும் பாதத்தையும் தேய்த்துவிடுங்கள், வெறும் மார்பில் சற்று நேரம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் படும் வெளிச்சத்தைக் குறையுங்கள், பிரகாசமான விளக்கில் இவை கண்ணைத் திறக்க விரும்பாது. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதை எழுப்புவதைவிட, கண் இமைக்குள் அசைவு, வாய் சப்புதல், கை வாய்க்குப் போவது என்று ஏதாவது தெரியும் நேரத்தில் தூக்குவது எளிது. இரண்டு மணி நேரத்திலேயே அப்படித் தெரிந்தாலும் கொடுத்துவிடுங்கள்.

மார்பில் மொத்தம் அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் வைத்தால், குடித்ததைவிடச் செலவழித்த சக்தி அதிகமாகிவிடும்.

கூடுதல் பால்

சரியாக விழுங்காத குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் மார்புக்குப் பிறகு கூடுதலாகப் பால் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னாலே சில தாய்மார்கள் தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தைக்குத்தான் அடுத்த தடவை உறிஞ்சத் தெம்பு வரும். கூடுதல் பால் தாய்ப்பாலுக்குப் போட்டி இல்லை, அதற்குப் போகும் வழி. முதல் தேர்வு உங்களிடமிருந்து எடுத்த பால். அது போதாவிட்டால் தாய்ப்பால் வங்கியில் பதப்படுத்திய பால், அதுவும் கிடைக்காவிட்டால் டாக்டர் சொல்லும் ஃபார்முலா. முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு 5 முதல் 10 மில்லி, அதற்குப் பிறகு 10 முதல் 30 மில்லி என்பது வழக்கமான அளவு. ரத்தச் சர்க்கரை, எடை இவற்றைப் பார்த்து டாக்டர் இதைக் கூட்டுவார், குறைப்பார்.

ஸ்பூன், சங்கு, சிறிய கிண்ணம் எல்லாமே சரிதான், கழுவிக் கொதிக்க வைப்பதும் எளிது. குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, விளிம்பு கீழுதட்டில் படும்படி வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்தால் போதும். குழந்தையே நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றினால் புரை ஏறும். பாட்டில்தான் என்றால், மிக மெதுவாகச் சொட்டும் நிப்பிளாகப் பார்த்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சில முறை விழுங்கியதும் பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு வாங்க இடம் கொடுங்கள்.

அப்புறம், குழந்தைக்குக் கூடுதல் பால் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அம்மா பத்துப் பதினைந்து நிமிடம் பம்ப் செய்ய வேண்டும், கடைசியில் கையாலும் பீய்ச்ச வேண்டும். இதைத் தவறவிட்டால், குழந்தை குடிக்கும் அளவு வேறு, மார்பு சுரக்கும் அளவு வேறு என்று ஆகிவிடும். மார்பு, கூடுதல் பால், பம்ப் மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒரே ஆள் செய்தால் முடியாது. அம்மா பம்ப் செய்யும்போது அப்பாவோ பாட்டியோ கிண்ணத்தில் பால் கொடுக்கட்டும், பம்ப் பாகங்களை வேறு ஒருவர் கழுவட்டும். உதவிக்கு வருகிறேன் என்பவர்கள் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இதுதான் பெரிய உதவி. அப்படியும் தாங்க முடியவில்லை என்றால், இரவில் ஒரு தடவை மார்பில் வைப்பதை விட்டுவிட்டு, கூடுதல் பாலும் பம்பும் மட்டும் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் வரை இருக்கும். குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததைச் சேர்த்து வைக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நேரம், எந்த மார்பு, விழுங்கியதா, கூடுதல் எத்தனை மில்லி, சிறுநீர், மலம். இதை எழுதிவையுங்கள். தூக்கம் கெட்ட மூளையில் எதுவும் நிற்காது. முதல் நாள் ஒரு ஈர டயபர், இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக் கூடாது. கறுப்பு மலம் பச்சையாகி, நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சளாக வேண்டும். முதல் இரண்டு நாளில் செங்கல் நிறக் கறை டயபரில் படலாம். நான்காம் நாளுக்குப் பிறகும் பட்டால் பால் போதவில்லை.

எடையில், முதல் நாளில் 3 சதவீதத்துக்கு மேல் அல்லது மூன்றாம் நாளுக்குள் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், பால் கொடுக்கும் முறையை உடனே ஒருவர் நேரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 2,400 கிராமில் பிறந்த குழந்தைக்கு 7 சதவீதம் என்பது 168 கிராம்தான். பால் இறங்கியபின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்ட வேண்டும். வீட்டுக்குப் போன ஓரிரு நாளிலேயே ஒருமுறை காட்டுங்கள், பிறகு 40 வாரக் கணக்கு முடியும் வரை வாரம் ஒருமுறை எடை.

இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்: எவ்வளவு முயன்றாலும் எழாமல் தொடர்ந்து இரண்டு தடவை பால் குடிக்காதது, உடம்பு துவண்டு கிடப்பது, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்குவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, சூடேற்றியும் 36.5-க்கு வராத உடம்பு, 38 டிகிரிக் காய்ச்சல், வலிப்பு. உதடு நீலமானாலோ வலிப்பு வந்தாலோ, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எப்போது குறைப்பது

பிரசவ தேதி நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே எழ ஆரம்பிக்கும், விழுங்கும் சத்தம் தொடர்ச்சியாகக் கேட்கும், கூடுதல் பாலை மிச்சம் வைக்கும். அப்போது அதே டயபர், அதே துணியோடு, சில கிராம் வித்தியாசத்தையும் காட்டும் எடைக் கருவியில் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிராம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லி குடித்திருக்கிறது. நன்றாகக் குடிக்கும் தடவையில், அனேகமாக அது காலையாக இருக்கும், முதலில் கூடுதல் பாலை நிறுத்துங்கள். சில நாள் எடை ஏறுவது குறையாமல் இருந்தால் இன்னொரு தடவை. பம்பைக் கடைசியில்தான் குறைக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவையாக. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் ஒரு வாரம் கழித்து எடை அப்படியே நிற்கும்.

முன்கூட்டிப் பிறந்ததால், கடைசி வாரங்களில் அம்மாவிடமிருந்து சேர வேண்டிய இரும்புச்சத்து முழுதாகச் சேர்ந்திருக்காது. தாய்ப்பால் நன்றாகக் குடித்தாலும் ஒரு மாதத்திலிருந்து இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும், அதற்கு முன்பிருந்தே வைட்டமின் டி-யும் தேவைப்படும். எடைக்குத் தகுந்த அளவை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.